நடத்தைக்குச் சான்று, முகவரிக்குச் சோதனை

வெளிநாடு போக போலீஸ் சான்று வேண்டும் என்று தேடினால் இணையத்தில் இரண்டு வழிகள் கண்ணில் படும். இரண்டுக்கும் கட்டணம் 500 ரூபாய். ஒன்று தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் இருக்கும் சரிபார்ப்புச் சேவை. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், உள்ளூர் கம்பெனியில் சேரப்போகிறவர் ஆகியோருக்காக ஏற்பட்டது அது. இன்னொன்று வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் கிடைக்கும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். எல்லோரும் சுருக்கமாக பி.சி.சி. என்கிறார்கள். குவைத்துக்கோ கனடாவுக்கோ போகிறவருக்கு இரண்டாவதுதான் செல்லும். ஆனால் போலீஸ் சான்று என்றால் போலீஸிடம்தானே கேட்க வேண்டும் என்று நினைப்பதில் யார் குற்றம்? முதல் தளத்தில் பணம் கட்டி, அசல் போலவே தோன்றும் ஒரு தாளை வாங்கி, விசா ஏஜென்ட் அதை மேஜையின் மறுபக்கம் தள்ளிவிட்ட பிறகே பலருக்கு விஷயம் தெரிகிறது.

கேரளத்தில் இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டுக்கான நன்னடத்தைச் சான்றை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்தவரோதான் தர முடியும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, 2022இல் அம்மாநிலப் போலீஸ் அத்தகைய சான்றுகள் தருவதை நிறுத்திக்கொண்டது. சட்டப்படி அது சரி. ஆனால் அந்தத் தெளிவை விண்ணப்பதாரர் பணம் கட்டுமுன் சொல்கிற ஒரு வரி, கொட்டை எழுத்தில், மாநிலப் போலீஸின் கட்டணப் பக்கத்தில் இருந்துவிட்டால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

பி.சி.சி.யை யார் கேட்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில், தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கனடா கேட்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 16 வயதிலிருந்து கணக்கு. பத்தாண்டில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடெல்லாம் சேரும். பிரிட்டனில் மருத்துவம், கல்வி, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குப் போகிறவர்கள் காட்ட வேண்டும். அதனால் சென்னைத் திருவல்லிக்கேணியில் இதைத் தேடி அலைகிறவர்களில் நர்ஸும் உண்டு, ஏ.சி. மெக்கானிக்கும் உண்டு, குடும்பத்தோடு குடியேறப்போகும் சாப்ட்வேர்காரரும் உண்டு. சுற்றுலா விசாவுக்கு இது தரப்படுவதில்லை. வேலை, நீண்ட காலத் தங்கல், குடியேற்றம் ஆகியவற்றுக்கு மட்டுமே.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறையைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பழைய காலத்தைப் பார்க்காதவர்கள். சென்னை பாஸ்போர்ட் அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருந்த காலத்தில் விடியுமுன் வரிசை தொடங்கும். மரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒருவர், படிவம் விற்கிறவர் ஒருவர், ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று காதோடு சொல்கிறவர் ஒருவர். கோப்பு எந்த மேஜையில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2010இல் பெங்களூரில் சோதனை ஓட்டமாகத் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டம் இந்தச் சந்தையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. இது சாதாரணக் காரியமில்லை.

இன்றைக்கு வீட்டிலிருந்தே படிவத்தை நிரப்பலாம். கட்டணத்தைக் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டலாம், நாளும் நேரமும் குறித்துக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்குச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று சேவை மையங்கள். உள்ளே டோக்கன். ஏ கவுன்டரில் டி.சி.எஸ். ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படம் பிடித்து, கைரேகை எடுப்பார். பி கவுன்டரில் அரசு அதிகாரி சரிபார்ப்பார். சி கவுன்டரில் இன்னொருவர் முடிவு செய்வார். மூன்றையும் தாண்டும்போது விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியிலேயே இருப்பவர், அந்த முகவரிக்குப் போலீஸ் அறிக்கை ஏற்கனவே சுத்தமாக இருந்தால், அன்றைக்கே சான்றோடு வெளியே வரலாம். தனியார் ஊழியர் கையில் அடையாளச் சேகரிப்பையும் அரசு அதிகாரி கையில் முடிவையும் பிரித்துவைத்தது இத்திட்டத்தின் மிகச் சிறந்த யோசனை என்பது என் கருத்து. தாளைத் தொடுகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்றானதும் கவுன்டருக்கு முன்னால் நின்ற தரகர் காணாமல் போனார்.

2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் மையங்களிலும் பி.சி.சி. விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு வேலை விசாவுக்குச் சவூதி அரேபியா பி.சி.சி.யைக் கட்டாயமாக்கியதில் நாடு முழுக்க நேரம் கிடைக்காமல் தவிப்பு. நவம்பர் 17ஆம் தேதி, இந்தியர்களுக்கு இது தேவையில்லை என்று டில்லியில் உள்ள சவூதித் தூதரகம் அறிவித்தது. வேற்று நாட்டு அரசின் ஒரு சுற்றறிக்கைக்கு இங்குள்ள வரிசை நீள்கிறது, இன்னொன்றுக்குக் குறைகிறது. அந்தச் சில மாதங்களில் பி.சி.சி. வாங்கியவர்களின் 500 ரூபாயும் ஒரு நாள் கூலியும் போனது போனதுதான்.

இவ்வளவும் கணினிக்கு உட்பட்ட பகுதி. கணினிக்கு முன்னால் உட்காருகிறவர் யார் என்று பார்த்தால் வேறு கதை.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும் முக்கால் கடையை அடைத்துக்கொண்ட பிரவுசிங் சென்டர். ‘பாஸ்போர்ட், பான், ஆதார், பி.எஃப்.’ என்று வெளியே போர்டு.

“எந்த நாட்டுக்குத் தம்பி?”

“குவைத்து, பாய்.”

“மெயில் ஐ.டி. இருக்கா?”

“இல்ல பாய், நீங்களே ஏதாவது போட்டுக்குங்க.”

பாயும் போட்டுக்கொண்டார். கடையின் மெயில் ஐ.டி., கடைக்காரர் வைத்த பாஸ்வேர்ட். கைப்பேசி எண்ணும் பல நேரம் கடையுடையதே, ஓ.டி.பி. உடனுக்குடன் வேண்டுமே. அவர் ஏமாற்றவில்லை; நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிறார். ஆனால் அந்த நொடியில் இந்தத் திட்டத்தின் பெருமைகள் எல்லாம் விண்ணப்பதாரர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போய்விடுகின்றன. எங்கே நிற்கிறது என்ற செய்தி கடைக்கு வரும். போலீஸ் அறிக்கை நிறைவாக இல்லை என்ற தகவல் கடைக்கு வரும். கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். தரகர் ஒழிந்துவிட்டார் என்று சற்று முன்பு எழுதினேன். அலுவலக வாசலிலிருந்து ஒழிந்தார்; அவருடைய வேலையில் ஒரு பங்கு, நேர்மையான கைகளில், தெருமுனைக்கு வந்துவிட்டது.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று முடித்துவிடக் கூடாது. படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நான்கு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கும் விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தமிழ்ப் படிவம் ஒன்று இல்லை. கட்டணமில்லா எண்ணான 1800-258-1800இல் தமிழில் பேசலாம், அதுவரை சரி. பேசி முடித்து ஆங்கிலப் பெட்டிகளுக்குத்தான் திரும்ப வேண்டும். இனிஷியல் விவகாரம் தனி. பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் படிவத்தை, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு வாழ்கிற ஒரு சமூகம் நிரப்புகிறது. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். பி.சி.சி. பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் வரும். ஆனால் போலீஸ் சரிபார்க்கும்போது கேட்கும் ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருந்தால், ‘ரெண்டும் ஒரே ஆள்தானா?’ என்ற கேள்விக்கு விண்ணப்பதாரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட் சேவை என்ற பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு அசல் போலவே நடத்தப்படும் போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்துவருகிறது. தேடுபொறியில் மேலே வருவதை அழுத்துகிறவர் அவசரக்காரர். விசாவுக்காகக் காத்திருக்கிற எல்லோருமே அவசரக்காரர்கள்தான். பி.சி.சி.க்குத் தட்கல் கிடையாது என்பது தெரியாதவரிடம் ‘எக்ஸ்பிரஸ்’ என்று எழுதிக் காசு பறிப்பது சுலபம்.

இனி அடிப்படையான கோளாறுக்கு வருகிறேன். இந்தச் சான்று ஒருவருடைய நடத்தையைப் பற்றியது. நடைமுறையில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் முகவரி.

திருவல்லிக்கேணிக்கு இது உறைக்கிற மாதிரி வேறு ஊருக்கு உறைக்காது. பைகிராப்ட்ஸ் சாலை, பெல்ஸ் சாலை, அவற்றின் சந்துகள் எங்கும் மேன்ஷன்கள். ராமநாதபுரம், சிவகங்கை, திருநெல்வேலி என்று தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இரண்டு மூன்று தலைமுறை ஆண்கள் இங்கே ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, ஒரு டிரங்குப் பெட்டி இடத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போன பிறகு கூட்டம் குறைந்தது, மறையவில்லை. எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவரிடம்கூட அதற்கான காகிதம் இருக்காது. மேன்ஷன்காரர் தருவது மாத வாடகை ரசீது. பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்பது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் வலியுறுத்துகிறது. கட்டில் வாடகைக்கு விடுகிற மேன்ஷனுக்கு அந்தச் சட்டம் இருப்பதே நினைவில் வராது.

அப்படியானால் அவர் என்ன செய்வார்? இரண்டில் ஒன்று. மேன்ஷன் முகவரிக்கு வங்கிக் கணக்குப் புத்தகத்தையோ ஆதாரையோ மாற்றிக்கொண்டு விண்ணப்பிப்பார். அப்போது சரிபார்க்க வருகிற காவலர் கேட்கிற நேரத்தில் அவர் அறையில் இருக்க வேண்டும். பகலெல்லாம் வேலையில் இருக்கிறவர் எப்படி இருப்பார்? ‘கொடுத்த முகவரியில் ஆள் இல்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டால் அதுவே பாதகமான அறிக்கை. திருடியவரும் அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்தவரும் இந்த அமைப்புக்கு முன் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பார்கள்: சான்று நிறுத்தம், விளக்கம் கேட்டுக் கடிதம்.

இரண்டாவது வழி, சொந்த ஊர் முகவரியில் விண்ணப்பிப்பது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் என்றால் மதுரை மண்டல அலுவலகம். ஊர்க் காவல் நிலையத்தில் அப்பாவைத் தெரியும், சித்தப்பாவைத் தெரியும். ‘நல்ல பையன், மெட்ராஸ்ல இருக்கான்’ என்று சாட்சி சொல்ல அண்டை வீட்டார் இருக்கிறார்கள். அறிக்கை சுத்தமாக வருகிறது. நேர்மையான அறிக்கைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவருடைய கடந்த எட்டு வருஷத்தைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு நிலையம் அவருடைய நடத்தைக்குச் சான்று தருகிறது, அந்த எட்டு வருஷமும் அவர் சுற்றித் திரிந்த பகுதியின் நிலையமோ அவரை வீட்டில் காணவில்லை என்று எழுதியிருக்கும். தெரியாதவர் நல்லவன் என்கிறார், தெரிந்திருக்கக்கூடியவர் ஆள் இல்லை என்கிறார். இந்தச் சான்றை நம்பி ஒட்டாவாவில் முத்திரை குத்துகிற அதிகாரிக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

கல்யாணமாகிப் பெரம்பூரிலிருந்து இங்கே வந்த பெண்ணுக்கும் இதே சிக்கல் உண்டு. பாஸ்போர்ட் பிறந்த வீட்டு முகவரியில், வாழ்வது புகுந்த வீட்டில். எங்கே சரிபார்ப்பது என்பதில் அவருக்குப் பதிலாக இரண்டு வீட்டு ஆண்களும் பேசுவார்கள்.

காவல் நிலையத் தரப்பையும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி, ஐஸ் ஹவுஸ், ஜாம் பஜார், அண்ணா சதுக்கம் என்று அடுத்தடுத்து நிலையங்கள் உள்ள இந்தப் பகுதியில் பார்த்தசாரதி கோயில் உற்சவம், சேப்பாக்கம் கிரிக்கெட், மெரினா பந்தோபஸ்து, போராட்டம், அமைச்சர் வருகை எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு காவலருக்குச் சரிபார்ப்புக்கு நேரம் கிடைக்கும். வீடு வீடாகப் போகாமல் போன் போட்டு, “ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ, பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் எடுத்துட்டு வாங்க” என்று சொல்வதில் சோம்பல் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஆனால் முழு நடைமுறையிலும் ரசீது இல்லாத இடம் இந்த ஒன்றுதான். சேவை மையத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு, நேரம் உண்டு. இங்கே ஒரு போன் அழைப்பு மட்டுமே. ‘பார்த்துச் செய்யுங்க’ என்ற சொல் பிறக்கிற இடம் அது. எந்த நிலையம் என்று இல்லை. எங்கெல்லாம் பதிவில்லாத சந்திப்பு நடக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சொல் கேட்கும்.

குற்றப் பதிவைத் தேட முகவரி தேவையா? 2009இல் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி மத்திய அரசு ஒப்புதல் தந்த சி.சி.டி.என்.எஸ். திட்டம், நாட்டின் காவல் நிலையங்களை ஒரே வலையில் இணைப்பதற்காகவே வந்தது. கைரேகையைச் சேவை மையத்தில் எடுத்தாகிவிட்டது. பெயர், பிறந்த தேதி, ஆதார், பாஸ்போர்ட் எண் எல்லாம் கையில் இருக்கின்றன. நாடு முழுக்க இவர் மீது வழக்கு உண்டா என்ற கேள்விக்கு வீட்டுக் கதவைத் தட்டாமலே பதில் கிடைக்க வேண்டும். கதவைத் தட்டினால் தெரிவது அந்தக் கதவுக்குப் பின்னால் இவர் வசிக்கிறாரா என்பது மட்டும். பாஸ்போர்ட் தரும்போது அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. பாஸ்போர்ட் ஏற்கனவே வைத்திருப்பவருக்கு நடத்தைச் சான்று தரும்போது அதற்கு என்ன வேலை?

சரி, பதிவைப் பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இன்னொரு சங்கடம்.

2017 ஜனவரி 23ஆம் தேதி காலை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்த இளைஞர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியதும், வன்முறை திருவல்லிக்கேணித் தெருக்களுக்கும் நடுக்குப்பத்துக்கும் பரவியதும், ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் தீப்பிடித்து எரிந்ததும் இந்தப் பகுதிக்காரர்களுக்கு மறக்காது. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். வழக்குகளும் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, போலீஸைத் தாக்கியது போன்றவை தவிர மற்ற ஜல்லிக்கட்டு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதத்தில், ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளும், குடியுரிமைச் சட்டப் போராட்டம் தொடர்பான சுமார் 1,500 வழக்குகளும் கைவிடப்படும் என்றார். பத்து லட்சம்! பால் வாங்க வண்டியை எடுத்தவரும், மருந்துக் கடைக்குப் போனவரும் அந்தக் கணக்கில் இருந்திருப்பார்கள்.

மேடையில் அறிவித்ததும் வழக்கு போய்விடாது. அரசு ஆணை வர வேண்டும். அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். அந்த உத்தரவு நிலையத்துக்கு வந்து கணினியில் ஏற வேண்டும். ஏற்றுகிற வேலைக்கு மட்டும் யாருக்கும் அவசரம் இல்லை. எப்.ஐ.ஆர். போடுகிறபோது கணினி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறது. முடிந்ததைக் குறிக்க ஓர் ஆள் உட்கார வேண்டும். நாலைந்து வருஷம் கழித்து பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கிற ஒருவர், தான் மறந்தே போன ஒரு எண்ணைச் சுமந்துகொண்டு நீதிமன்ற நகல் பிரிவுக்கு நடப்பது இதனால்தான்.

பி.சி.சி.யின் வாசகம் இதை இன்னும் கடினமாக்குகிறது. விசா பெறத் தகுதியற்றவராக்கும் பாதகமான தகவல் இவரைப் பற்றி இல்லை என்று மட்டுமே அது சொல்லும். என்ன வழக்கு, எந்த ஆண்டு, என்ன ஆனது என்று சொல்ல அதில் இடமில்லை. ஆம் அல்லது இல்லை. பிரிட்டனில் ஏக்ரோ என்ற போலீஸ் அமைப்பு தரும் சான்றில் ‘நோ டிரேஸ்’ என்றால் பதிவே இல்லை என்று அர்த்தம். ‘நோ லைவ் டிரேஸ்’ என்றால் பழைய பதிவு ஒன்று உண்டு, ஆனால் காலம் கடந்துவிட்டதால் அதைக் காட்டத் தேவையில்லை என்று அர்த்தம். அதிலும் குறை சொல்ல ஆட்கள் உண்டு. ‘லைவ்’ இல்லை என்றால் ஏதோ இருந்தது என்று விசா அதிகாரி ஊகித்துவிடுவார் என்பார்கள். ஆனாலும் குற்றத்துக்கு வயது உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட முறை அது. நம் நாட்டில் சிறாருக்கு மட்டும் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் பதிவை அழிக்க வழி செய்கிறது. பத்தொன்பது வயதில் பீச்சில் ரகளை செய்தவர் நாற்பது வயதிலும் அதே ஆள்தான்.

பாஸ்போர்ட் சட்டம் 1967இல் வந்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது அதன் ஆறாவது பிரிவு. 1993 ஆகஸ்ட் 25இல் வந்த அறிவிக்கையோ, நீதிமன்ற அனுமதியோடு வந்தால் கொடுக்கலாம் என்கிறது. நிலையத்தில் எப்.ஐ.ஆர். பதிவானதையே வழக்கு நிலுவை என்று கொள்ள முடியாது, நீதிமன்றம் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 2024இல் டில்லி உயர் நீதிமன்றம் பி.சி.சி. விஷயத்திலேயே ஒரு நல்ல வழியைக் காட்டியது: நிலுவையில் எப்.ஐ.ஆர். இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சான்றை மறுக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி அதில் குறிப்பிட்டுக் கொடுங்கள், விசா தருவதா வேண்டாமா என்பதை அந்த நாடு பார்த்துக்கொள்ளும். இதைவிட எளிய தீர்வு இருக்க முடியாது. மறைக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஆனால் இது ஒவ்வொருவரும் வக்கீல் வைத்துப் பெறுகிற உத்தரவாக இருக்கிறதே தவிர, சி கவுன்டரில் இருப்பவர் தானாகச் செய்கிற வழக்கமாக இன்னும் ஆகவில்லை.

நடத்தைச் சான்று கேட்பது புதிய பழக்கமும் இல்லை. 1908இல் பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரி போன பாரதியாரையும் அவருடைய சகாக்களையும் அங்கிருந்து கிளப்ப, வெளியார் எல்லோரும் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேரிடம் நற்சான்று வாங்கித் தர வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. ஐந்து பேர் துணிந்து கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பது அதன் கணக்கு. கலவை சங்கரஞ் செட்டியார் வேண்டிய கையெழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்கின்றன பாரதியின் வாழ்க்கை வரலாறுகள். போலீஸ் பதிவேட்டில் அவர் யாராக இருந்தார், ஊர்க்காரர்கள் கண்ணில் யாராக இருந்தார் என்ற வித்தியாசத்தில்தான் அவருடைய புதுச்சேரி வாழ்க்கை நீடித்தது. கடைசியில் அவர் வந்து சேர்ந்தது இதே திருவல்லிக்கேணிக்கு. 1921இல் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் காலமானார். இன்றைய ‘பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர்’ அந்த ஐந்து கையெழுத்தின் இளைத்துப்போன வாரிசு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அன்றைக்கு ஐந்து பேரும் தெரிந்துதான் போட்டார்கள். இன்றைக்கு மேன்ஷன் அடுத்த அறைக்காரர் பெயர்கூடத் தெரியாமல் போடுகிறார்.

சிறு குறைகள் சில. ஒரு பி.சி.சி. ஒரு நாட்டுக்கு மட்டும். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரே சமயத்தில் முயல்கிறவர் இரண்டு தடவை 500 கட்டி, இரண்டு தடவை அதே ரேகையைப் பதிக்க வேண்டும். ஆள் ஒருவர், பதிவு ஒன்று, போகும் நாடு மாறினால் நடத்தை மாறிவிடுமா? காலக்கெடு இன்னொரு தொல்லை. சான்று எத்தனை நாள் செல்லும் என்பதை வாங்குகிற நாடுதான் தீர்மானிக்கிறது. தற்போது வசிக்கும் நாட்டின் சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது கனடா. ஆஸ்திரேலியா 12 மாதம் வரை ஏற்கும். முன்கூட்டியே வாங்கிவைத்தால் காலாவதியாகும், கடைசியில் ஓடினால் போலீஸ் அறிக்கை தாமதமாகும். சில நாடுகள் இதற்கு மேல் அப்போஸ்தில் முத்திரையும் கேட்கும். அந்த முத்திரைக்கான சர்வதேச ஒப்பந்தம் இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது. முத்திரை குத்துவது அதே வெளியுறவு அமைச்சகம். சான்று தந்த அமைச்சகமே அந்தச் சான்று உண்மைதான் என்று இன்னொரு கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியிருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரிபார்ப்பே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. முதியோர் இல்லத்திலும் குழந்தைகள் பள்ளியிலும் வேலைக்கு ஆள் எடுக்கிற ஒரு நாடு, வருகிறவரின் முன்கதையைக் கேட்பதில் தவறே இல்லை. நம் ஊரில் வேலைக்கு வருகிறவரைப் பற்றி நாமும் அதைத்தான் கேட்கிறோம், அதற்காகத்தான் மாநிலப் போலீஸின் அந்த இன்னொரு 500 ரூபாய்ச் சேவையே இருக்கிறது. கேட்கிற கேள்விக்குப் பொருத்தமான இடத்தில் பதிலைத் தேட வேண்டும் என்பதுதான் வாதம். படிவத்தையும் பணத்தையும் வரிசையையும் கணினிக்கு மாற்றியவர்கள், போலீஸ் அறிக்கை என்ற நடுப்பகுதியை 1990களில் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதுச் சட்டமோ புது சர்வரோ தேவையில்லை. அறிக்கை பாதகமாக வந்தால் நிலையைக் காட்டும் பக்கம் போலீஸ் அறிக்கை நிறைவாக இல்லை என்ற அளவில் நின்றுவிடுகிறது. என்ன எழுதினார்கள் என்று காட்டுவதில்லை. ஆள் இல்லை என்றா, வழக்கு இருக்கிறது என்றா, எந்த நிலையத்தில், எந்த எண்ணில்? மேன்ஷன் வாசி அதைத் தெரிந்துகொள்ள மண்டல அலுவலகம் இருக்கும் அண்ணா சாலை ராயலா டவர்ஸுக்கு நேரம் வாங்கிப் போக வேண்டும், அல்லது தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டுவிட்டு 30 நாள் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு மாதம் கழிந்துவிடும். அந்த வரி ஏற்கனவே கணினியில்தான் இருக்கிறது. அதை விண்ணப்பதாரரின் திரையில் தமிழில் காட்டினால் போதும். பாயின் கடையிலிருந்தே பதிலையும் அனுப்பிவிடலாம்.